நாட்டு நாய்க்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் காலை நடை முடிந்து வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஆறு பேர், ஆறு பேரும் பென்ஷன்காரர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவில் கோபுரம் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெஞ்சு எங்களுக்கென்றே உண்டு. அன்று நண்பர் ஒருவர் ஒரு நாய்க்குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். பேரனுக்காக ராஜபாளையத்தில் வாங்கியதாம். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, கழுத்தில் ஒரு சணல் கயிறு. எல்லோரும் மாறி மாறித் தடவிக் கொடுத்தோம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் குட்டி கழுத்தை நீட்டி, முதுகைக் கூனி, எதையோ கக்கப் போவதுபோல் இருமியது. கடைசியில் கொஞ்சம் வெள்ளை நுரை வரும், அவ்வளவுதான்.

"எத்தனை நாள் குட்டி?" என்றேன்.

"முப்பது நாள் சார்."

"டாக்டரிடம் காட்டியாச்சா? ஊசி?"

நண்பர் சிரித்தார். "நாட்டு நாய்க்கு எதுக்கு சார் ஊசி? அதெல்லாம் அல்சேஷனுக்கும் லேப்ரடாருக்கும். இதுக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. மெடிக்கல்ல டானிக் வாங்கிப் புகட்டியிருக்கேன், ரெண்டு நாள்ல நின்னுரும்."

மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் டீ தொண்டையில் இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை, இதே சிரிப்போடு, நானும் சொன்னவன். அதற்கு நான் கொடுத்த விலையை இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்து படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அம்மாவின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 1976-இல் வருவாய்த் துறையில் எழுத்தர் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தேன். அப்போது இது ராமநாதபுரம் மாவட்டம். பிரெஞ்சில் கட்டுரை எழுதத் தெரிந்தவனுக்குத் தமிழில் "பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று குறிப்பு எழுத மூன்று வருஷம் பிடித்தது! 2010-இல் ஓய்வு பெற்றேன். வீட்டில் பிள்ளைகள் இல்லாத வெறுமைக்கு ஒரு நாய் வளர்க்கலாம் என்று தோன்றியது.

2013 பொங்கல் கழிந்து, ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் குட்டி வாங்கினேன். நாற்பது நாள் ஆண்குட்டி. பள்ளியில் படித்த தாந்தேன் சித்திரக்கதையில் அந்தப் பையனோடு எப்போதும் ஓடிவரும் வெள்ளை நாய்க்குப் பிரெஞ்சில் மிலூ என்று பெயர். அதையே வைத்தேன். எங்கள் தெரு ஜனங்களின் வாயில் அது இரண்டே நாளில் "மிளகு" ஆகிவிட்டது. வெள்ளை நாய்க்கு மிளகு என்று பெயர் வைத்த ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி கேலி செய்வாள்.

குட்டியைக் கொடுத்தவர், "எங்க நாய்க்கு ஒரு ஊசியும் வேண்டாம் சார், ஒண்ணும் வராது" என்று சொல்லித்தான் கொடுத்தார். நானும் அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொன்னேன்.

மூன்றாம் மாதம் மிலூ இருமத் தொடங்கியது. மருந்துக் கடைக்குப் போய், "தம்பி, நாய்க்குட்டி இருமுது, ஏதாவது கொடு" என்றேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சிரப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நாலு நாள் புகட்டினேன். இருமல் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் கண்ணில் பீளை கட்டியது. மூக்கு காய்ந்து பொருக்குத் தட்டியது. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அப்போதும் நான் வேறொரு சிரப் வாங்கினேனே தவிர, டாக்டரிடம் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு ராத்திரி, வாயில் ஒன்றுமில்லாமலே தாடை படபடவென்று மெல்லத் தொடங்கியது. வாயோரம் நுரை. விடிந்ததும் ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

டாக்டரம்மா அதன் பாதத்தைத் தடவிப் பார்த்தார். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய அடிப்பாதம் செருப்புத் தோல் மாதிரி தடித்திருந்தது. "டிஸ்டெம்பர் சார்" என்றார். "நேத்தே வந்திருந்தா பிழைச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. இதுக்கு நேரடி மருந்து கிடையாது. ஆனா ஊசி போட்டிருந்தா அநேகமா வந்தே இருக்காது."

ஒன்பது நாள் கழித்து மிலூ போய்விட்டது. கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தோம். என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நம்ம பேரப்பிள்ளை இருமினா இப்படி டானிக்கோட விட்டிருப்பீங்களா?" என்னிடம் பதில் இல்லை.

இப்போது அந்த நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். "நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது." இந்த ஒரு வாக்கியத்தால் நம் இரண்டு ஊரிலும் செத்த குட்டிகளுக்குக் கணக்கு எடுத்தால் ஒரு பதிவேடு போதாது.

முதலில் நியாயமானதை ஒப்புக்கொள்கிறேன். ராஜபாளையம் நாய் நம் வெயிலைத் தாங்கும். கம்பஞ்சோறும் மோரும் போட்டாலும் வளரும். பன்றி வேட்டைக்குப் போன ஜாதி, தோப்புக் காவலுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. இதெல்லாம் உண்மை. ஆனால் வெயிலைத் தாங்குவது வேறு, வைரஸைத் தாங்குவது வேறு. நாம் கூடத்தான் நாட்டு மனிதர்கள், நமக்கு அம்மை வரவில்லையா?

"எங்க தாத்தா காலத்துல ஊசியா போட்டாங்க? நாய் பதினாலு வருஷம் இருந்துச்சே" என்பது அடுத்த வாதம். இருந்திருக்கும். ஆனால் அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகள் என்ன ஆயின என்று அந்தத் தாத்தாவைக் கேட்டிருக்க வேண்டும். "எட்டுப் போட்டா ரெண்டு தங்கும்" என்று பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். போன ஆறைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிழைத்த நாய்க்குத்தான் பெயர் உண்டு, கதை உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று குட்டிகளை ரத்தபேதியில் கொல்கிற பார்வோ என்ற நோய் தாத்தா காலத்தில் உலகத்திலேயே கிடையாது. அது 1978 வாக்கில் தோன்றி, ஒன்றிரண்டு வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவியது. தாத்தாவின் நாய் சந்திக்காத எதிரி அது.

இந்த டிஸ்டெம்பரை நான் முதலில் அறிந்தது பிரெஞ்சுப் பெயரில். "மலாதி து கர்ரே" என்பார்கள், கர்ரேயின் நோய் என்று அர்த்தம். ஆன்ரி கர்ரே என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் 1905-இல் இது வைரஸால் வருவது என்று காட்டினார். பெயர் எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். என்ன பயன்? என் வீட்டுக்குள் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

கர்ரேயின் வைரஸ் யார் தெரியுமா? நம் குழந்தைகளுக்கு வரும் மணல்வாரி அம்மையின் நெருங்கிய சொந்தம். நாய்களுக்கு வரும் இன்னொரு இருமல் உண்டு, கென்னல் காஃப் என்று டாக்டர்கள் சொல்வது. அதைக் கொண்டுவரும் கிருமிகளில் முக்கியமானது போர்டெடெல்லா. அது நம் கக்குவான் இருமல் கிருமியின் பங்காளி. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பயின்ற ஜூல் போர்தே என்ற பெல்ஜியக்காரர் 1906-இல் கக்குவான் கிருமியைப் பிரித்தெடுத்தார். 1919-க்கான நோபல் பரிசும் வேறொரு ஆராய்ச்சிக்காக அவருக்குக் கிடைத்தது. அவர் பெயரைத்தான் இந்தக் கிருமிக் குடும்பத்துக்கு வைத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? இந்தப் பதிவைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு மணல்வாரியும் தெரியும், கக்குவானும் தெரியும். ராத்திரி முழுக்கக் கக்குவானில் நீலம் பாரித்துப்போன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்திருந்த தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு முத்தடுப்பு ஊசி வந்தபோது, "நாட்டுக் குழந்தைக்கு எதற்கு ஊசி?" என்று கேட்டோமா? வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வந்தோம். அந்த நோய்களின் அண்ணன் தம்பிகள்தான் நாயிடம் வருகின்றன. நாய்க்கு மட்டும் எப்படி வேறு சட்டம்?

அடுத்து, மருந்துக் கடை. மருந்துக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டவன் நான். ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு இருமலுக்கும் சளிக்கும் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றில் மூன்று நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். வீட்டில் பூனை இருந்தால் அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். இபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் மருந்துகள் நாயின் இதயத்தைத் தாறுமாறாக ஓட்டும். "சர்க்கரை இல்லாதது" என்று எழுதிய சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

பாட்டி வைத்தியத்திலும் கவனம் வேண்டும். சின்ன வெங்காயச் சாறு நமக்கு நல்லது. நாய்க்கு வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். வாயைப் பிளந்து நல்லெண்ணெய் புகட்டுவதும் வேண்டாம். திமிறும் நாயின் மூச்சுக்குழலுக்குள் எண்ணெய் இறங்கினால் அதுவே நுரையீரலில் நிமோனியாவாகும். தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று விரலை விட்டுக் குடைகிறவர்களும் உண்டு. உண்மையிலேயே எலும்பு மாட்டியிருந்தாலும் அதை எடுக்க வேண்டியவர் டாக்டர்தான்.

இதெல்லாம் போக, சிரப்பில் எனக்குள்ள பெரிய கோபம் வேறு. அது பலித்தாலும் கெடுதல். மிலூவுக்கு நான் கொடுத்த சிரப் இருமலை மட்டுப்படுத்தியது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். உள்ளே நோய் மூளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆபீசில் அவசரத் தபால் வந்தால் அதைக் கோப்பின் அடியில் செருகிவிட்டு மேஜை சுத்தமாயிற்று என்று சந்தோஷப்படும் எழுத்தர்களைப் பார்த்திருக்கிறேன். நாலு நாள் நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஏனென்றால் இருமல் ஒரே நோயால் வருவதில்லை. குட்டி இருமினால் குடற்புழுவாகவும் இருக்கலாம். தாயின் வயிற்றிலேயே தொற்றும் உருண்டைப் புழுவின் குஞ்சுகள் நுரையீரல் வழியாகத்தான் பயணம் போகின்றன. சங்கு ஊதுவதுபோல் வறட்டு இருமல், ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது என்றால் அது கென்னல் காஃப் ஆக இருக்கலாம். வாரக் கணக்கில் தானாகவே குறைவதும் உண்டு, குட்டிகளிலும் கிழ நாய்களிலும் நிமோனியாவாக முற்றுவதும் உண்டு. இருமலோடு காய்ச்சல், கண் பீளை, மூக்குச் சளி, பசியின்மை சேர்ந்தால் டிஸ்டெம்பரை நினைத்துப் பயப்பட வேண்டும். தெருவில் ஒரு கால் ஓயாமல் வெட்டி வெட்டித் துடிக்கும் நாயைப் பார்த்திருப்பீர்கள். அதில் பிழைத்தவைகளில் பல அப்படித்தான் மிச்ச நாளை ஓட்டுகின்றன.

வயதான நாய் ராத்திரியில், படுத்தவுடன் இருமினால் இதயம் வீங்கியிருக்கலாம். தொண்ணூறுகளில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு பொமரேனியன் வந்ததே, நினைவிருக்கிறதா? "அதுக்கு ஆஸ்துமா" என்று சொல்லியே பலர் வருஷக் கணக்கில் விட்டுவிட்டார்கள். பலவற்றுக்கு இதய வால்வு பழுது, அல்லது மூச்சுக்குழல் தளர்ந்து சப்பையாவது. தினசரி மாத்திரையில் இன்னும் சில வருஷம் நன்றாக இருந்திருக்க வேண்டிய ஜீவன்கள்.

சரி, திட்டியது போதும். செய்ய வேண்டியது என்ன? டாக்டரம்மா சொல்லி நான் நோட்டில் எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

குட்டி வாங்கும்போது எட்டு வாரம் நிறைந்ததா என்று கேளுங்கள். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. முப்பது நாளில் தாயிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பதும் தவறு, வாங்குவதும் தவறு. தாய்க்கு ஊசி போட்ட அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அட்டை இல்லையென்றால் எவ்வளவு பெரிய வம்சம் என்று சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

குடற்புழு மருந்து இரண்டு வார வயதிலேயே தொடங்க வேண்டும். எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. டிஸ்டெம்பர், பார்வோ எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடவை, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. "ஒன்று போட்டாச்சே, போதாதா?" என்று கேட்காதீர்கள். தாய்ப்பாலில் வந்த காப்பு குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசியை அது வேலை செய்ய விடாது. அந்தக் காப்பு எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி ஒன்று. அதன்பின் டாக்டர் சொல்கிற கணக்கில். கென்னல் காஃபுக்குத் தனியாக மூக்கில் விடும் தடுப்பு மருந்தும் உண்டு. நாயைக் கண்காட்சிக்கோ விடுதிக்கோ அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம். ஜூலை 6, செப்டம்பர் 28 போன்ற நாட்களில் முகாம் வைத்து இலவசமாகப் போடுவது வெறிநோய்த் தடுப்பூசி. முதல் தேதி, பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட்ட நாள். இரண்டாவது அவர் மறைந்த நாள். கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது வெறிநோய்க்கு மட்டும். "முகாம்ல போட்டாச்சு சார்" என்று டிஸ்டெம்பரையும் அதில் சேர்த்துக்கொள்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

கழுத்துக் கயிறும் ஒரு காரணம். இழுத்துக்கொண்டு ஓடும் நாயின் மூச்சுக்குழலைக் கயிறு நெரிக்கிறது. மார்போடு பூட்டும் பட்டை வாங்கி மாட்டுங்கள். நாயைக் கட்டும் இடத்தில் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, குப்பை எரிக்கும் புகை வேண்டாம். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி போடும் வீடுகளில் பஞ்சுத் தூசிக்குள்ளேயே நாயைக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசல் பக்கம் மாற்றிக் கட்டினால் போதும்.

இருமல் வந்தே விட்டால்? மிலூவுக்குப் பிறகு மூன்று வருஷம் நாயே வேண்டாம் என்றிருந்தேன். 2016-இல் என் மனைவி கொண்டுவந்தவள்தான் வெள்ளச்சி. முழு ஊசியும் போட்டவள். 2019-இல் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போக அவளை நாலு நாள் ஒரு விடுதியில் விட்டோம். திரும்பி வந்த ஆறாம் நாள் சங்கு ஊத ஆரம்பித்தாள். மூக்கு மருந்து போடாதது என் தவறு. இந்த முறை அன்றைக்கே டாக்டரிடம் போனேன். காய்ச்சல் இல்லை, நுரையீரல் சுத்தம். அவளைத் தெரு நாய்களிடமிருந்து ஒதுக்கி வைத்தோம். தண்ணீர்க் கிண்ணமும் தட்டும் தனி. ராத்திரி குளியலறையில் கொதிநீர் வாளியை அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் ஆவியில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். சோற்றைக் குழைத்துக் கொடுத்தோம். டாக்டர் அனுமதித்ததால் ஒரு டீஸ்பூன் தேன். ஓட்டம், குரைப்பு எதற்கும் இடம் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் இருமல் நின்றது. டாக்டர் சொன்னபடி அதற்குப் பிறகும் இரண்டு வாரம் மற்ற நாய்களோடு சேர விடவில்லை.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகளை மட்டும் மறக்காதீர்கள். இருமுவது குட்டியாக இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். பெரிய நாய் சாப்பிட மறுத்தால், தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினால், ஈறு வெளுத்தோ நீலமாகவோ தெரிந்தால், கண்ணிலும் மூக்கிலும் சீழ் மாதிரி வந்தால், இருமி மயங்கி விழுந்தால், ஒரு வாரத்துக்கு மேல் இருமல் நீண்டால், அன்றைக்கே டாக்டர். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். நாயின் இயல்பான சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 103-ஐத் தாண்டினால்தான் கவலை.

"செலவு யார் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானும் பென்ஷனில் வாழ்கிறவன்தான். ஒரு தடவை ஊசிக்கு ஆகும் செலவு நாலு பேர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் ஆகும் செலவு. குட்டிக்கு ஆயிரக் கணக்கில் கொடுத்து வாங்குகிறவர் அதைச் சொல்லக் கூடாது. உண்மையிலேயே முடியாதவர்கள் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள். மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னாலும் பார்ப்பதற்குக் கட்டணம் பெரிதாக இராது.

இன்னொரு விஷயம் நம் வீட்டு வாசலோடு முடிவதில்லை. நமக்கு மேற்கே இருப்பது வெறும் மலையல்ல. செண்பகத்தோப்பில் தொடங்கும் அந்தக் காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆனது. அடிவாரத் தோப்புகளில் காவலுக்கு நிற்பவை நம் நாய்கள். டிஸ்டெம்பர் நாயோடு நிற்பதில்லை. செந்நாய், நரி, சிறுத்தை, புலி எல்லாவற்றுக்கும் தொற்றும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பரிசோதித்தபோது சிலவற்றில் இதே வைரஸ் இருந்தது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994-இல் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு இதே நோயில் போயிற்று. தோப்பு நாய்க்கு ஊசி போடாதவர், வேலியைத் தாண்டி இருக்கிற உயிர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

நம் ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரி 9-ஆம் தேதி இந்தியத் தபால் துறை தபால்தலை வெளியிட்டது. 2020-இல் பிரதமர் வானொலியில் அதன் பெயரைச் சொன்னார். அன்றைக்கெல்லாம் நமக்கு மார்பு விரிந்தது, எனக்கும்தான். ஆனால் அதே இனத்தில் எத்தனையோ நாய்களுக்குக் காது கேட்பதில்லை என்பதும், வெளுப்பு வேண்டும் வெளுப்பு வேண்டும் என்று நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்த்ததும் அதற்குக் காரணம் என்பதும் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பெருமை பேசுகிற நாம் அதன் உடம்பைப் பார்க்கவில்லை. பெருமையும் ஊசியும் ஒன்றுக்கொன்று விரோதி என்று யார் சொன்னது?

அன்று டீக்கடையில் நான் இதில் பாதியைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நண்பர் முகம் சுண்டிப்போய் எழுந்து போனார். மறுநாள் நடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி போன் செய்தார். "சார், அந்த டாக்டரம்மா நம்பர் கொடுங்க." காலையில் மூன்று பேருமாகப் போனோம், நான், அவர், குட்டி. குட்டிக்குப் புழு நிறைய இருக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்திருக்கிறார்கள். இருமல் அடங்கி, உடம்பு தேறிய பிறகு முதல் ஊசி. சணல் கயிற்றை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தோம். குட்டி தேறிவிடும் என்று இன்னும் சொல்ல முடியாது. தேறினால் எழுதுகிறேன்.

வெள்ளச்சியின் ஊசி அட்டையை நான் பென்ஷன் புத்தகத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தனின் வழக்கம் அது. தேதி, மருந்து, டாக்டரின் கையெழுத்து, எல்லாம் வரிசையாக இருக்கும். சர்வீஸ் ரிஜிஸ்டர் மாதிரி. மிலூவுக்கு அப்படி ஒரு அட்டையே கிடையாது.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால் இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அதன் அட்டையைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் நாளைக் காலை முதல் வேலை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.